கடல் மணலில் தேட ஒரு ஸ்கூப்: எடை எங்கே குறையலாம், எங்கே குறையக் கூடாது

மெட்டல் டிடெக்டர் (புதைந்த உலோகத்தைச் சத்தத்தால் காட்டும் கருவி) காட்டிய இடத்தில் மணலை அள்ளி, ஓட்டைகள் வழியே மணலை வடித்து, மோதிரம், நாணயம் போன்றவற்றை உள்ளே நிறுத்திக்கொள்ளும் தண்டு வைத்த ஓட்டைக் கூடைதான் ஸ்கூப். ஈர மணல் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 2 கிலோ இருக்கும். 15 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. நீளமும் உள்ள ஸ்கூப் கூடையில் மூன்றரை லிட்டர் கொள்ளும். முழுக்க நிரம்பினால் 7 கிலோ. வாய் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால் ஒரு அள்ளலுக்கு 5 கிலோ வரும் என்று வைத்துக்கொள்ளலாம். காலைப் பொழுதில் 100 தடவை அள்ளினால் அரை டன் மணல் கை வழியாகப் போகிறது. ஸ்கூப்பின் சொந்த எடையில் அரைக் கிலோ கூடுவதும் குறைவதும் ஏன் தோளுக்குத் தெரிகிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

ஆனால் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2.5 கிலோ ஸ்கூப் இரண்டே அள்ளலில் மோதிரத்தை வெளியே கொண்டுவந்தால், தூக்கிய மொத்த எடை 15 கிலோ. 1.3 கிலோ ஸ்கூப் மணலில் ஆழமாக இறங்காமல், தடவைக்கு 3 கிலோ மட்டும் அள்ளி, நான்கு தடவையில் அதே மோதிரத்தை எடுத்தால் மொத்தம் 17 கிலோவுக்கு மேல் போய்விடுகிறது. லேசான கருவிதான் அதிகம் சுமக்க வைத்தது. எனவே தராசு காட்டும் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எந்தப் பாகத்தில் எடையைக் குறைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தண்டிலும் கூடையின் பின்பக்கத்திலும் குறைத்திருந்தால் நல்லது. மணலைக் கிழிக்கும் முன்விளிம்பிலும், தண்டும் கூடையும் சேரும் மூட்டிலும் குறைத்திருந்தால், அந்த ஸ்கூப் அதே இடத்தில்தான் உடையும்.

மணல் மூன்று விதம்

கரையின் மேல்பகுதியில் இருக்கும் காய்ந்த மணல் லிட்டருக்கு 1.6 கிலோ அளவில் இருக்கும். தானாகவே ஓட்டைகள் வழியே கொட்டிவிடும். இங்கே குட்டையான கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் ஸ்கூப்பே போதும். அதற்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு: உலோகம் இல்லாததால், அள்ளிய மணலை ஸ்கூப்போடு டிடெக்டர் காயிலுக்கு (உலோகத்தை உணரும் அடிப்பகுதிச் சுருளுக்கு) அருகே காட்டி, பொருள் உள்ளே வந்துவிட்டதா என்று உடனே பார்க்கலாம். வெயில் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல நொறுங்க வைக்கும். மேற்பரப்பு வெளுத்து, தேய்த்தால் சுண்ணாம்பு போல் ஒட்டினால் அதன் காலம் முடிந்தது. இறுகிய ஈர மணலில் அதை நெம்பினால் புதியதாக இருந்தாலும் உடையும்.

அலை வந்து போகும் ஈர மணல்தான் ஸ்கூப்பின் உண்மையான சோதனைக் களம். அலை ஓய்ந்த பிறகு மணல் துகள்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஈர மணலில் கால் வைத்தால், பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் காய்ந்ததுபோல் வெளுக்கும். நெருக்கமாக அடுக்கிய துகள்கள் நகர வேண்டுமானால் ஒன்றை ஒன்று தள்ளி இடம் உண்டாக்க வேண்டும்; அந்த இடைவெளிக்குள் மேலிருக்கும் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற இயற்பியலாளர் 1885இல் இதை விளக்கினார். ஸ்கூப்பைப் படாரென்று நெம்பும்போதும் இதேதான் நடக்கிறது. தண்ணீர் ஓடி வருவதற்குள் உள்ளே உறிஞ்சு விசை உண்டாகி, மணல் ஸ்கூப்பைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. தண்டை முன்னும் பின்னும் இரண்டு முறை லேசாக ஆட்டி, ஒரு நொடி பொறுத்து, பிறகு தூக்கினால் குறைந்த விசையே போதும். தண்டு வளைவதிலும் வெல்டிங் கிழிவதிலும் பெரும்பகுதி இந்த ஒரு நொடி அவசரத்தில்தான் நடக்கிறது.

மூன்றாவது, தண்ணீருக்கு அடியில் இருக்கும் மணல். மிதப்பு விசையால் அங்கே ஒரு லிட்டர் மணல் ஒரு கிலோ போலத்தான் கனக்கும். ஆட்டினாலே கழுவிக்கொண்டு போய்விடும். சுமை குறைவு, ஆனால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அள்ளிய பொருள் கூடைக்குள் நிற்பதும், கையை விட்டால் ஸ்கூப் தொலையாமல் இருப்பதும் இங்கே முக்கியமாகின்றன.

ஓட்டையின் அளவு, ஓட்டையின் வடிவம்

பெரிய ஓட்டை மணலைச் சீக்கிரம் வடிய விடும், சின்னப் பொருளையும் விட்டுவிடும். இது எல்லோரும் அறிந்ததே. வடிவம் செய்யும் வேலையை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை.

நாணயமோ மோதிரமோ ஓட்டை வழியே விழ வேண்டுமானால் விளிம்பு வாக்கில்தான் விழும். 18 மி.மீ. விட்டமுள்ள நாணயத்தை எப்படித் திருப்பினாலும் அதன் நீளம் 18 மி.மீ. தான். அது 12 மி.மீ. வட்ட ஓட்டையில் நுழையவே முடியாது. அதையே 25 மி.மீ. நீளமும் 5 மி.மீ. அகலமும் உள்ள நீள்வாக்கு ஓட்டையில் பாருங்கள்: நாணயம் நிமிர்ந்து நின்று எளிதாக நழுவிவிடும். கம்பிகளை வரிசையாக வைத்துப் பற்றவைத்த கூடையிலும் இதே சிக்கல். சதுர ஓட்டை நடுவில் நிற்கிறது. 12 மி.மீ. சதுரத்தின் மூலைக்கு மூலை நீளம் 17 மி.மீ. என்பதால், அதைவிடச் சற்றுச் சிறிய நாணயம் மூலைவாக்கில் நழுவ வாய்ப்பு உண்டு. அறுகோண ஓட்டை, நடுவில் விடும் தகட்டின் அகலம் குறையாமலே அதிகத் திறப்பு தரும். மூலைவாக்கு நீளமும் அவ்வளவு கூடாது. வட்டமோ அறுகோணமோ எடுத்துக்கொள்வது நல்லது.

வட்ட ஓட்டைகள் முக்கோண அடுக்கில் இருந்தால், எவ்வளவு திறப்பு என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். ஓட்டையின் விட்டத்தை, அடுத்தடுத்த ஓட்டை மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தால் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்கி, 90.7ஆல் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். 10 மி.மீ. ஓட்டை 15 மி.மீ. இடைவெளியில் இருந்தால் 40 சதவீதம். 8 மி.மீ. ஓட்டை 12 மி.மீ. இடைவெளியில் இருந்தாலும் அதே 40 சதவீதம். 12 மி.மீ. ஓட்டை 16 மி.மீ. இடைவெளியில் இருந்தால் 51 சதவீதம். திறப்பு கூடினால் எடை குறைகிறது, மணலும் சீக்கிரம் வடிகிறது. ஆனால் ஓட்டைகளுக்கு நடுவே மிஞ்சும் தகடு ஓட்டையின் அளவோடு ஒப்பிட மிகக் குறுகிவிட்டால் விரிசல் ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு ஓட வழி கிடைக்கிறது. 40 முதல் 45 சதவீதம் வரை போதும்.

திறப்பு ஒரே அளவில் இருந்தும் 8 மி.மீ. ஓட்டை மெதுவாகத்தான் வடியும். கிளிஞ்சல் துண்டுகளும் சிறு கற்களும் ஓட்டை வாயை அடைத்துக்கொள்வதுதான் காரணம். நுண்மணல் உள்ள கரைக்கு 8 அல்லது 9 மி.மீ., பருமணலும் கிளிஞ்சலும் கலந்த கரைக்கு 10 முதல் 12 மி.மீ. என்று பிரித்துக்கொள்ளலாம். தோடும் மெல்லிய சங்கிலியும் எந்த அளவு ஓட்டையிலும் தப்பிக்கும். தோட்டின் கம்பி ஒரு மி.மீ. தடிமன்கூட இருக்காது. அவற்றுக்காக ஸ்கூப்பை மாற்ற வேண்டியதில்லை. காய்ந்த மணலில் தேடும்போது மட்டும் கூடைக்குள் 4 அல்லது 5 மி.மீ. கண் உள்ள வலையை விரித்துக்கொண்டால் வேலை முடிந்தது.

முன்விளிம்பை ஒட்டி 4 முதல் 6 செ.மீ. வரை ஓட்டையே இருக்கக் கூடாது. அங்கே ஓட்டை போட்டு எடையைக் குறைத்திருந்தால், தேய்மானம் ஓட்டை வரை வந்ததும் விளிம்பு பல்பல்லாக உடையும். பின்தகடு இதற்கு நேர்மாறு. அது ஓட்டை நிறைந்ததாக இருக்க வேண்டும். பின்னால் அடைப்பாக இருந்தால், கவ்விய மணலுக்குள் காற்றோ தண்ணீரோ புக வழியில்லாமல் உறிஞ்சு விசை கூடும்; தூக்கிய பிறகும் தண்ணீர் உள்ளேயே தங்கும்.

தகடு: எவர்சில்வர், அலுமினியம், டைட்டானியம்

ஒரு கன செ.மீ. எவர்சில்வர் 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம். இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தால் அலுமினியம்தான் வெல்லும். கூடைக்கு ஓட்டை போக ஏறக்குறைய 650 சதுர செ.மீ. தகடு தேவைப்படும். 1.5 மி.மீ. எவர்சில்வரில் அது 780 கிராம், 2 மி.மீ. என்றால் 1,040 கிராம். 1.5 மி.மீ. டைட்டானியத்தில் 440 கிராம். அலுமினியத்தில் 1.5 மி.மீ. போதாது, 3 மி.மீ. போட்டால் 530 கிராம் அளவில் வரும். விளிம்புத் தகடு, மூட்டு, கால் மிதி எல்லாம் இதற்கு மேல்.

தகட்டின் வளையாத்தன்மை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். அதனால் 3 மி.மீ. அலுமினியத் தகடு 1.5 மி.மீ. எவர்சில்வர் தகட்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பாக இருக்கும், எடை மூன்றில் இரண்டு பங்குதான். பிறகு ஏன் எல்லோரும் அலுமினியத்துக்கு மாறவில்லை? இரண்டு காரணங்கள். கடற்கரை மணலில் பெரும்பங்கு வகிக்கும் குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. மூன்று உலோகங்களையும் அது தேய்க்கும் என்றாலும் அலுமினியத்தை மிக வேகமாகத் தேய்க்கும். அடுத்தது வெல்டிங். 6061-டி6 என்ற பரவலான அலுமினியக் கலவையின் வலிமை வெப்பப் பதத்தால் வந்தது. பற்றவைத்த இடத்தைச் சுற்றி அந்தப் பதம் போய், வலிமை பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். மூட்டு இருப்பதும் அதே இடத்தில்தான். அலுமினியத்தில்தான் வாங்க வேண்டும் என்றால் படகுகளுக்குப் பயன்படும் 5052 அல்லது 5083 வகையாகவும், முன்விளிம்பில் எவர்சில்வர் பட்டை போல்ட் போட்டு இணைத்ததாகவும் இருக்கட்டும். பட்டை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எவர்சில்வரில் 304, 316 என்று இரண்டு வகை கிடைக்கும். 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கப்பட்டிருக்கிறது. உப்பு அரித்துக் குழி போடுவதை அது தடுக்கும். வாரம் ஒருமுறை கடலுக்குப் போய், வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுபவருக்கு 304 தாராளமாகப் போதும். பழுப்புக் கறை படியும், ஆனால் அதனால் கூடை பலமிழக்காது. தினமும் தண்ணீருக்குள் நிற்பவருக்கு 316 தேவை. காந்தத்தை வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டும் காந்தத்துக்கு ஒட்டாதவை. வளைத்த இடங்களில் 304 லேசாக ஒட்டக்கூடும். காந்தம் எங்கும் பலமாக ஒட்டினால் அது சாதா இரும்போ மலிவு வகை எவர்சில்வரோ என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

எந்த வகையானாலும் துரு முதலில் எட்டிப்பார்ப்பது வெல்டிங் ஓரத்தில். பற்றவைக்கும்போது நீலமும் பழுப்புமாகப் படியும் வண்ணப் பட்டையின் அடியில் குரோமியம் குறைந்திருக்கும். அமிலப் பசையால் அந்த வண்ணத்தை எடுத்துச் சுத்தம் செய்த ஸ்கூப் வெல்டிங் ஓரத்திலும் சாம்பல் வெள்ளையாக இருக்கும். வண்ணம் அப்படியே தெரிந்தால், கடைசி வேலையை விட்டுவிட்டார்கள் என்று பொருள்.

டைட்டானியத்தைக் கடல்நீர் ஒன்றும் செய்யாது. எடையும் பலமும் சேர்ந்து பார்த்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் பற்றவைப்பதில் கெட்டுப்போக எளிதான உலோகம் அது. சூடாக இருக்கும்போது காற்று பட்டால் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். வெல்டிங்கின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளி நிறம் சரியானது, வைக்கோல் நிறம் ஏற்கத்தக்கது. நீலம் என்றால் சந்தேகம். சாம்பலும் வெள்ளைப் பொடியுமாக இருந்தால் எவ்வளவு லேசாக இருந்தாலும் வாங்கக் கூடாது. விலை அதிகம் கொடுத்து வாங்கும் பொருளில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. மற்றபடி டைட்டானியம் மணலில் தேயாது என்ற நம்பிக்கை தவறு. அதன் விளிம்புக்கும் இரட்டைத் தகடு வேண்டும்.

கூடையின் வடிவமும் பலத்தில் பங்கு வகிக்கிறது. தட்டையான பக்கங்கள் உள்ள பெட்டிக் கூடை சீக்கிரம் நெளியும். உருண்டையாகச் சுருட்டியதும் அறுகோணமாக மடித்ததும் அதே தகட்டில் அதிகம் தாங்கும், மடிப்புக் கோடுகளே விலா எலும்பு போல நிற்பதால். வாயின் மேல்விளிம்பு வெறும் தகடாக முடியாமல், உள்ளே மடித்தோ கம்பி வைத்துப் பற்றவைத்தோ இருக்க வேண்டும். முன்விளிம்பு அரைவட்டமாக இருந்தால் மணலுக்குப் போதும். களிமண்ணும் கிளிஞ்சல் படுகையும் இருந்தால் நடுவில் சற்றுக் கூராக இருப்பது உதவும். ரம்பம் போன்ற பற்கள் வேண்டாம். அவை மோதிரத்தைக் கீறும்.

தண்டு: விட்டம் கூடினால் பலம் கூடும்

தண்டின் நுனியில் ஒரு ஆள் உடம்பைச் சாய்த்து 40 கிலோ விசை கொடுக்கிறார் என்று கொள்வோம். மூட்டிலிருந்து கை 90 செ.மீ. தூரத்தில் இருந்தால் மூட்டில் விழும் திருகுவிசை ஏறக்குறைய 350 நியூட்டன் மீட்டர். 32 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள குழாயில் இது 265 மெகாபாஸ்கல் தகைவை (பொருளுக்குள் ஒரு பரப்பின் மேல் விழும் விசையை) உண்டாக்கும். பதப்படுத்தாத 304 எவர்சில்வர் 205 மெகாபாஸ்கல் அளவில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். ஆக, அந்தக் குழாய் வளையும். அதே 2 மி.மீ. சுவரோடு விட்டத்தை 38 மி.மீ. ஆக்கினால் தகைவு 182க்கு இறங்கிவிடுகிறது. குழாயின் எடை 20 சதவீதம் கூடுகிறது, தகைவு 31 சதவீதம் குறைகிறது. மெல்லிய தண்டு கைக்கு அழகாகத் தெரிந்தாலும் பருமனான தண்டே சிக்கனமானது.

ஒரு மீட்டர் நீளம், 38 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டு எடையை ஒப்பிடலாம். எவர்சில்வர் குழாய் 1.8 கிலோ. ஆஷ் மரத்தின் முழுத் தண்டு 770 கிராம் அளவில். அலுமினியக் குழாய் 610 கிராம். கார்பன் ஃபைபர் குழாய் 360 கிராம். ஸ்கூப்பில் ஒரே மாற்றத்தில் அதிக எடையைக் குறைக்க வேண்டுமென்றால் அது இங்கேதான் முடியும். கூடையை எவர்சில்வரிலேயே வைத்துக்கொண்டு, எவர்சில்வர் தண்டை மட்டும் கார்பனாக மாற்றினால் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்டத்தில் போய்விடுகிறது. முழு டைட்டானியக் கூடைக்குச் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்வதே எங்கள் பரிந்துரை.

கார்பன் குழாய் வளைவு விசையை நன்றாகத் தாங்கும். குறுக்கே நசுக்கினால் தாங்காது. வெறும் குழாயில் துளை போட்டு போல்ட்டை இறுக்கினால் சுவர் உள்வாங்கி, இழைகள் பிரியும். துளை இருக்கும் இடத்துக்குள் மரக் கட்டையோ கெட்டிப் பிளாஸ்டிக் உருளையோ எபாக்சி பசையால் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். துளைக்குள் உலோகக் குட்டிக்குழலும் (புஷ்) இருந்தால் இன்னும் நல்லது. பாறையில் மோதிய தண்டு வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்றும் பிரிந்த இடத்தில் மந்தமாகவும் கேட்கும். கார்பனைத் தேய்க்கவோ அறுக்கவோ வேண்டியிருந்தால் முகக்கவசம் அவசியம். அதன் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது.

மரத்தண்டை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். உடைவதற்கு முன் முனகும், உடைந்தால் எங்கும் மாற்றுத் தண்டு கிடைக்கும். போல்ட் துளைகளுக்குள்ளும் ஆளிவிதை எண்ணெய் ஊறியிருக்க வேண்டும், அழுகல் அங்கேதான் தொடங்கும். காய்ந்து சுருங்கும்போது மூட்டில் ஆட்டம் வரும். அதனால் மாதம் ஒருமுறை போல்ட்டை இறுக்க வேண்டும்.

நீளத்துக்கு எளிய அளவு: ஸ்கூப்பை நிமிர்த்தி நிறுத்தினால், ஈர மணலுக்கு அதன் தலை தொப்புளுக்கும் நெஞ்சின் அடிக்கும் நடுவே இருக்க வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவருக்கு நெஞ்சுக்கு மேல் வரை வேண்டும். தேவையில்லாமல் நீண்ட தண்டு நெம்புவிசையையும் கூட்டும், அதாவது மூட்டை உடைக்கும் வலிமையை உங்கள் கையில் கொடுக்கும்.

உடையும் இடம்

பெரும்பாலான ஸ்கூப்கள் இரண்டே இடங்களில் உடைகின்றன. ஒன்று, தண்டு நுழையும் குழலின் மேல்விளிம்பு. விறைப்பான குழல் சட்டென்று முடிந்து, நெகிழ்வான தண்டு தொடங்கும் கோடு அது. குழலின் நீளம் தண்டின் விட்டத்தைப்போல மூன்று நான்கு மடங்காவது இருந்தால் விசை பரவும், 38 மி.மீ. தண்டுக்கு 12 முதல் 15 செ.மீ. குழல். போல்ட் இரண்டு தேவை. மேல் போல்ட் குழலின் விளிம்பை ஒட்டி இருக்கக் கூடாது.

மற்றது, குழல் கூடையோடு சேரும் வெல்டிங். தண்டு கூடையின் பின்தகட்டில் மட்டும் பற்றவைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு நெம்பலும் அந்தத் தகட்டை உள்ளும் புறமும் மடக்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைப்பது போலத்தான் இது. ஒரே நாளில் உடையாது. வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் தொடங்கி ஒரு பருவம் முழுக்க வளரும். நல்ல ஸ்கூப்பில் தண்டு இரண்டு இடங்களில் கூடையைப் பிடித்திருக்கும்: பின்தகட்டில் ஒன்று, கூடையின் மேல்விளிம்புக்குப் போகும் பட்டையோ கம்பியோ மற்றொன்று. இந்தத் தாங்கிக்கு 150, 200 கிராம் கூடினாலும் கொடுக்கலாம். எடையைக் குறைப்பதாகச் சொல்லித் தாங்கியையே எடுத்துவிட்ட வடிவங்களும் சந்தையில் வருகின்றன. காய்ந்த மணலுக்கு அவை போதும், ஈர மணலுக்கு ஆகாது.

கால் மிதி 8 முதல் 10 செ.மீ. அகலமாக, ஓரம் மழுங்கியதாக இருக்கட்டும். மிதிக்கும் விசை கூடையின் சுவருக்கு நேராக இறங்க வேண்டும். மிதி தண்டுக் குழலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், ஏற்கெனவே சுமை உள்ள வெல்டிங்கின் மேல் இன்னொரு சுமை.

தண்டுக்கும் கூடைக்கும் உள்ள கோணம் எடையில் காட்டாது, முதுகில் காட்டும். கூடை தண்டுக்கு நேர்க்கோட்டில் இருந்தால் மண்வெட்டி போல ஆழமாக இறங்கும். ஆனால் மணல் கொட்டாமல் தூக்க, தண்டை மிகவும் தாழ்த்திக் குனிய வேண்டும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்திருந்தால், தண்டைச் சற்றே தாழ்த்தியதும் வாய் மேல்நோக்கி, சுமை உள்ளே நிற்கும்.

தண்ணீருக்குள் லேசு என்பது வேறு

38 மி.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள தண்டு முழுக்க மூழ்கினால் 1.13 லிட்டர் கடல்நீரை விலக்கும். மேல்நோக்கிய விசை 1.16 கிலோ. இரு முனையும் அடைத்த கார்பன் குழாய் 360 கிராம்தான் என்பதால் 800 கிராம் விசையோடு மேலே இழுக்கும். கூடை ஒன்றரைக் கிலோ எவர்சில்வர் என்றால் தண்ணீருக்குள் அதன் எடை 1.3 கிலோ. கூடை அடியில் உட்கார, தண்டு நிமிர்ந்து நிற்கும். கையை விட்டாலும் ஸ்கூப் எங்கே இருக்கிறதென்று தெரியும். மிகவும் வசதியான நிலை இது. அதே தண்டில் எல்லாம் சேர்த்து 800 கிராம் உள்ள டைட்டானியக் கூடையை மாட்டிப் பாருங்கள். தண்ணீருக்குள் அது 620 கிராம்தான். மேலே இழுப்பதோ 800. ஸ்கூப் மிதந்து போய்விடும். இப்படிப்பட்ட ஜோடிக்குத் தண்டின் மேலும் கீழும் சிறு துளை போட்டுத் தண்ணீர் புக விட வேண்டும், அல்லது அடைப்பை நடுவில் வைத்து மேல்பாதியை மட்டும் காற்றறையாக விட வேண்டும். எவர்சில்வர் தண்டு உள்ள ஸ்கூப் கையை விட்டதும் படுத்துக்கொள்ளும். கலங்கிய தண்ணீரில் காலால் துழாவித்தான் எடுக்க வேண்டும்.

உலோகங்கள் ஒன்றையொன்று அரிப்பது

கடல்நீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் சின்ன மின்கலம் உருவாகி, ஒன்று மற்றொன்றைக் கரைக்கும். கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தைக் கடுமையாக அரிக்கும். அலுமினியக் குழலுக்குள் கார்பன் தண்டை நேரடியாகச் செருகிய ஸ்கூப்பில் வெள்ளைப் பொடி பூத்து, குழல் உப்பி, கடைசியில் தண்டைக் கழற்றவே முடியாமல் போகும். நடுவே ஃபைபர் கிளாஸ் உறையோ பிளாஸ்டிக் குழலோ இருக்க வேண்டும். டைட்டானியமும் கார்பனும் சேர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை. அலுமினியக் கூடையில் சின்ன எவர்சில்வர் போல்ட் நைலான் வாஷரோடு இருந்தால் சமாளிக்கலாம். எவர்சில்வர் கூடையில் அலுமினிய ரிவெட் அடித்திருந்தால், பெரிய பரப்பு சின்ன ரிவெட்டைச் சீக்கிரமே தின்றுவிடும். எவர்சில்வர் போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு இறுகிவிடும் பழக்கம் உள்ளவை. மாட்டும்போதே மரைகளில் கடித்துக்கொள்வதைத் தடுக்கும் கிரீஸ் தடவ வேண்டும்.

பயன்பாடும் பராமரிப்பும்

உலோக ஸ்கூப்பைக் காயிலிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்துக்கொண்டு தேட வேண்டும், இல்லாவிட்டால் டிடெக்டர் ஸ்கூப்பையே சொல்லும். பொருளின் நடுவிடத்தைக் குறித்ததும், கூடையின் விளிம்பை அதற்கு 10 முதல் 15 செ.மீ. பின்னால் ஊன்றி மிதிக்க வேண்டும். நேர் மேலே ஊன்றினால் விளிம்பு மோதிரத்தை வெட்டலாம், அல்லது ஆழத்துக்குத் தள்ளலாம். தங்கம் மணலைப்போலப் பல மடங்கு கனமானது. தூய தங்கம் கன செ.மீ.க்கு 19.3 கிராம், மணல் துகள் 2.65 கிராம். குழியின் சுவர் சரிந்து மணல் கூழாகும்போது பொருள் கீழே நழுவும். அதனால் முதல் அள்ளலே ஆழமாக, பொருளுக்கு அடியில் போக வேண்டும். தூக்கியதும் குழியின் மேல் காயிலை ஓட்டிப் பாருங்கள். சத்தம் இல்லையென்றால் பொருள் கூடையில் இருக்கிறது. எடுத்த பிறகு குழியை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். இருட்டில் நடப்பவர் காலை முறிக்கும் ஆழம் அது.

வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தண்டைத் தலைகீழாக நிறுத்தி உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை வடிக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை மூட்டு வெல்டிங்கைத் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் விரிசல் நிழலாகத் தெரியும். தெரிந்தால் அதன் நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலும் ஓடாமல் நிற்கும். பிறகு விரிசலைக் கடைந்தெடுத்து முழு ஆழத்துக்குப் பற்றவைக்க வேண்டும். மேலே பூசியதுபோல வெல்டிங் போட்டால் அதே கோட்டில் மீண்டும் திறக்கும். முன்விளிம்பு ஓட்டை வரிசைக்கு ஒரு செ.மீ. தூரத்துக்குத் தேய்ந்து வந்ததும் புதுப் பட்டை வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். ஓட்டையைத் தொட்ட பிறகு போனால், பற்றவைக்கப் பிடிமானத் தகடு மிஞ்சியிருக்காது.